நான்கு இமாம்களும் ஒரு தாய்மாமனும்

பாரிஸில் எனக்கு விடிந்த முதல் சுபுஹு தொழுகையில், பள்ளிவாசல் நிறைய ஆட்கள் நெற்றியைத் தரையில் வைத்திருக்க, நான் மட்டும் நட்டநடுவில் நின்று இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டிருந்தேன். நிறுத்தத்தில் நிற்காமல் போன பஸ்ஸைக் கூப்பிடுகிறவன் மாதிரி. நல்ல வேளை, அதைப் பார்க்க அங்கே ஒரு தலையும் நிமிர்ந்திருக்கவில்லை.

எங்கள் அதிராம்பட்டினத்தில் சுபுஹின் இரண்டாவது சுற்றான ரக்அத்தில் குனிந்து நிமிர்ந்ததும் கையேந்தி குனூத் என்ற வேண்டுதலை ஓதுவோம். அது ஷாஃபி வழி. லா ஷப்பலில் என் தங்கை ஹலீமா வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் தொழுகைக் கூடமோ மாலிக்கி வழி. அவர்கள் குனிவதற்கு முன்பே அதை மனசுக்குள் ஓதி முடித்துவிடுகிறார்கள். இமாம் நிமிர்ந்தார், நான் கையைத் தூக்கினேன், அவர் தரையில் நெற்றி வைக்க, சஜ்தாவுக்குப் போய்விட்டார்.

இது எனக்குத் தெரியாத விஷயம் என்றால் வெட்கமில்லை. நான்கு மத்ஹபுகளை, அதாவது சட்ட வழிகளை, வகுத்த இமாம்களைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதியிருக்கிறேன். அதை விலைக்கு வாங்கியவர்களைவிட அன்பளிப்பாகப் பெற்றுத் தப்ப முடியாமல் போனவர்கள் அதிகம். மாலிக்கிகள் தொழுகையில் கையைக் கட்டாமல் தொங்கவிடுவார்கள் என்று அதில் நானே எழுதியிருக்கிறேன். ஆனாலும் பக்கத்தில் நின்ற பெரியவர் கையைத் தொங்கவிட்டதும், பாவம், தோள்பட்டையில் ஏதோ கோளாறு என்று நினைத்து, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தேன். எழுதுகிறவனுக்கும் தெரிந்தவனுக்கும் உள்ள தூரம் அவ்வளவு.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஹலீமாவின் மகள், என் மருமகள் ஸீனத் சிரித்துச் சிரித்துக் காப்பியைச் சிந்தினாள். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் ஒரு கதையை எடுத்துவிட்டேன். இமாம் ஷாஃபி ஒருமுறை பக்தாதில் இமாம் அபூஹனீஃபாவின் கபுருக்கு அருகே சுபுஹு தொழுதபோது, குனூத்தை விட்டுவிட்டாராம். அபூஹனீஃபா வழியில் சுபுஹில் குனூத் கிடையாது. அங்கே படுத்திருக்கிறவருக்கு அது மரியாதை. ஸீனத் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப நீங்க மட்டும் ஏன் மாமா கையைத் தூக்குனீங்க?" அவளுக்கு இங்கே மருந்துக்கடையில் வேலை. கேள்வியும் மருந்து மாதிரிதான், கசக்கும்.

நான் வந்திருந்ததே அவள் நிக்காஹுக்காக. அவள் வாப்பா யூசுப் காரைக்கால்காரர், பிரெஞ்சுப் பிரஜை, இங்கே தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். சில வருஷங்களுக்கு முன் மவுத்தாகிவிட்டார். ஸீனத் ஒரே பிள்ளை. தாய்மாமன் வந்து நின்று முடித்துக் கொடுத்தால்தான் நிக்காஹ் என்று ஹலீமா போனில் அழுதாள். எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் காதுகுத்துகூட நடக்காது. இரவல் கோட் ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கோட்டுக்குச் சொந்தக்காரர் என்னைவிட உயரம். பாரிஸ் முழுக்க என் விரல்களை யாரும் பார்த்திருக்க முடியாது.

வியாழக்கிழமை மதியம் சம்பந்தி வீட்டாரைப் பார்க்க பாரிஸுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸுக்குப் போனோம். மாப்பிள்ளை இர்ஃபான் கம்பத்துப் பையன், கம்ப்யூட்டர் வேலை. ராவுத்தர் குடும்பம், ஹனஃபி வழி. அவன் வாப்பாவும் உம்மாவும் ஊரிலிருந்து வந்து அங்கே உறவினர் வீட்டில் தங்கியிருந்தார்கள்.

நாங்கள் போன ரயில் 'டி' என்ற புறநகர் வண்டி. அதைப் பற்றிப் பழைய சட்ட நூல்களில் ஒன்றும் இல்லை. ஷாஃபி சட்டப்படி அந்நியப் பெண்ணின் மேனி பட்டால் ஒளு, அதாவது தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவிய சுத்தம், முறியும். கார் து நோர் ஸ்டேஷனில் நான் ஒளுவோடு ஏறினேன். கதவு மூடுவதற்குள் அது போய்விட்டது. ஒரு அம்மாள் கீரைக்கட்டுப் பையோடு என் முழங்கையில் சாய்ந்து, "பர்தோன்" என்றார். வண்டி பாதி வழியில் நின்றது. தண்டவாளத்தில் யாரோ நடக்கிறார்களாம். நிற்கிற வண்டியில் இன்னும் பத்துப் பேர் ஏற முடியும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

ஹலீமா மட்டும் நிம்மதியாக நின்றாள். ஹஜ்ஜுக்குப் போயிருந்தபோது, கஃபாவைச் சுற்றும் நெரிசலில் ஒளு நிற்காது என்று எங்கள் ஊர் ஹஜ்ரத் எல்லோரையும் அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஹனஃபி வழியைப் பின்பற்றிக்கொள்ளச் சொன்னாராம். ஹனஃபி வழியில் தொட்டால் ஒளு போகாது. கீழக்கரையிலிருந்து மலேசியா வரை ஷாஃபிகள் எல்லோரும் செய்கிற காரியம்தான். "அந்த மாதிரிதான் காக்கா, ரெயில்ல நான் ஹனஃபி. இறங்குனா ஷாஃபி" என்றாள். எங்கள் ஊரில் அண்ணன் என்றால் காக்கா. இந்தப் பேச்சை ஸீனத் காதில் வாங்கிக்கொண்டாள் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

திரும்பி வந்ததும் விருந்துச் சாப்பாடு சொல்ல ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் குணம் அண்ணையின் கடைக்குப் போனோம். யாழ்ப்பாணத்துக்காரர். நண்டுக்கறி அவர் கடையின் பெருமை. ஹலால் கோழி, ஹலால் ஆடு எல்லாம் ஒழுங்காக எழுதிக்கொண்டார். நண்டு என்று அவர் எழுதும்போது நான் குறுக்கிட்டேன். சம்பந்தி நண்டு சாப்பிட மாட்டார். ஹனஃபிகளுக்குக் கடலில் மீன் மட்டும்தான். இறாலில் அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. எங்களுக்குக் கடலில் கிடைப்பது எல்லாம் ஆகும்.

குணம் அண்ணை பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கடை சனத்துக்குள்ளையே நண்டு தின்னுறவை, தின்னாதவை எண்டு ரெண்டு பகுதி இருக்கோ? எங்களுக்கு வெள்ளிக்கிழமையிலை மட்டும்தான் அண்ணை பிரச்சினை."

நான் விளக்க ஆரம்பித்தேன். அபூஹனீஃபா கடலே இல்லாத கூஃபா நகரத்துக்காரர், ஷாஃபியோ கடற்கரை காஸாவில் பிறந்தவர் என்று சொல்கிறார்கள், நண்டின் ருசி தெரிந்திருக்கும் என்று என் சொந்தக் கற்பனையையும் சேர்த்துக்கொண்டேன். எங்கள் சட்டம் ஏமன் வியாபாரிகளோடு கப்பலில் ஏறிக் கடற்கரைக்கு வந்தது. கம்பத்துக்காரர்களின் சட்டம் வடக்கேயிருந்து குதிரையில் வந்தது. பின்தெரு இமாமின் சட்டம் மதீனாவிலிருந்து புறப்பட்டு, ஒட்டகத்தில் சஹாராவைத் தாண்டி மாலி நாட்டுக்குப் போய், அங்கேயிருந்து விமானத்தில் வந்திருக்கிறது. எல்லாம் இப்போது ஒரே தெருவில். சொல்லும்போதே எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. குணம் அண்ணை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓம். அப்ப நண்டு எத்தினை பேருக்கு?" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் இமாம் எங்களைத் தன் சிறு அறையில் உட்காரவைத்துப் புதினாத் தேநீர் கொடுத்தார். மாலி நாட்டுக்காரர், நீல அங்கி, சிரிக்கும்போது அறை கொஞ்சம் பெரிதானது போல இருக்கும். முதலில் மேரியில், அதாவது நகராட்சி மன்றத்தில், பதிவுத் திருமணம் ஆகிவிட்டதற்கான சான்றிதழைக் கேட்டார். அது இல்லாமல் இங்கே எந்த மதத்துக் கல்யாணமும் நடத்தக்கூடாது. ஸீனத் எடுத்துக் காட்டினாள். அடுத்து, பெண்ணின் வலீ யார் என்று கேட்டார். பெண் சார்பில் நிக்காஹை முடித்துக் கொடுக்க உரிமையுள்ள ஆண் உறவு.

நான் எழுந்தேன். கோட்டின் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, "நான்தான்" என்றேன்.

அவர் என்னை அணைத்துக்கொண்டார். அணைத்தபடியே, வாப்பாவின் சகோதரரா என்று கேட்டார். இல்லை, உம்மாவின் சகோதரர் என்றாள் ஸீனத். அவர் கையை எடுக்கவில்லை. கொஞ்சம் தளர்த்தினார். பிறகு பிரெஞ்சில் நிதானமாக, இனிமையாக, வெகுநேரம் பேசினார். ஸீனத் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எனக்குச் சுருக்கித் தந்தாள்: "மாமா, நீங்க யாரும் இல்லையாம்."

வாப்பா, வாப்பாவின் வாப்பா, உடன்பிறந்த ஆண்கள், அவர்கள் மக்கள், பிறகு வாப்பாவின் சகோதரர்கள். ஷாஃபியின் வரிசை இது. மாலிக்கி வரிசையில் முன்பின் மாறும், ஆனால் தாய்மாமன் அதிலும் இல்லை. நானே எழுதிய பக்கம்தான். எழுதும்போது தெரிந்திருக்கிறது. விமானம் ஏறும்போது ஊர் வழக்கம் வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. வேறு நாட்டு முஸ்லிம் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். மாமன் என்றால் எல்லாமே மாமன்தான் என்று நினைக்க ஒரு தமிழனால்தான் முடியும்.

இமாம் அடுத்துக் கேட்டதையும் ஸீனத்தே மொழிபெயர்த்தாள். வாப்பாவுக்குச் சகோதரர் உண்டா? உண்டு, காரைக்காலில். உயிரோடிருக்கிறாரா? இருக்கிறார். புத்தி சுவாதீனமா? ஆம். "பிறகு ஏன் என்னிடம் வந்திருக்கிறீர்கள்? அவரிடம் அல்லவா கேட்க வேண்டும்?" அவர் வர வேண்டியதில்லை, போனில் ஒருவரை வக்கீலாக, தன் சார்பாகப் பேசும் ஆளாக, ஆக்கினால் போதும் என்றார். ஆள் எட்டாத தூரத்தில் இருந்தால் வேறு வழி பார்க்கலாம். இந்தக் காலத்தில் யார் எட்டாத தூரத்தில் இருக்கிறார்கள் என்றும் கேட்டார்.

அவருக்குத் தெரியாது. ஹலீமாவுக்கும் யூசுப்பின் அண்ணன் காரைக்கால் ஹமீது மரைக்காயருக்கும் நடுவில் சஹாராவைவிட நீளமான ஒன்று கிடந்தது. யூசுப் இறந்தபோது மய்யித்தை ஊருக்கு அனுப்பச் சொல்லி அண்ணன் கேட்டிருக்கிறார். அடக்கத்தைத் தாமதிக்கக்கூடாது என்று ஹலீமா இங்கேயே அடக்கிவிட்டாள். எந்த மத்ஹபைக் கேட்டாலும் சீக்கிரம் அடக்கத்தான் சொல்லும். சட்டம் இவள் பக்கம் இருந்தது, துக்கம் அவர் பக்கம் இருந்தது. "எந் தம்பிய அநாத மாதிரி பொதச்சிட்டே" என்று அவர் போனில் கத்தியதுதான் கடைசி. அதற்குப் பிறகு பேச்சில்லை. கல்யாணத்துக்குச் சொல்லவும் இல்லை.

வீட்டில் அன்று மதியச் சோறு யாருக்கும் இறங்கவில்லை. நிக்காஹ் மறுநாள். இர்ஃபான் போனில் ஸீனத்திடம், ஹனஃபி வழியில் விவரம் தெரிந்த வயசுப் பெண் தன் நிக்காஹைத் தானே முடித்துக்கொள்ளலாம், துருக்கியர்கள் நடத்தும் பள்ளிவாசல் ஒன்று தெரியும், அங்கே போய்விடலாம் என்று சொல்லியிருந்தான். உண்மைதான். அபூஹனீஃபா பட்டுத்துணி வியாபாரி. தன் சொத்தைத் தானே விற்க உரிமையுள்ள பெண்ணுக்குத் தன் திருமணத்தை முடிக்க உரிமை இல்லாமல் போகுமா என்பது அந்த வழி வந்தவர்களின் வாதம். மற்ற மூன்று வழியிலும் வலீ வேண்டும்.

"செ போன், சரிதான் உம்மா. அப்படியே செஞ்சிடலாம்" என்றாள் ஸீனத்.

"நம்ம ஷாஃபி. வலீ இல்லாம முடிச்சா அது நிக்காஹே இல்ல" என்றாள் ஹலீமா.

"ஹஜ்ஜுல நீங்க ஹனஃபி ஆனீங்கதானே? நேத்து ரெயில்லயும் ஆனீங்க."

"அது கூட்டம். இது கல்யாணம்."

"அப்ப பெரியவாப்பாகிட்ட பேசுங்க."

ஹலீமா அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ அங்கே ஒரு பாத்திரமும் இல்லை.

நான் ஜன்னலோரம் நின்று, கீழே பாலத்தின்மேல் போகும் மெட்ரோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. இமாம் மாலிக்கின் நூலையே நாடெங்கும் சட்டமாக்கிவிடலாம் என்று கலீஃபா சொன்னபோது அவர் வேண்டாமென்றார். நபித்தோழர்கள் ஊர் ஊராகப் பரவிப் போனவர்கள், ஒவ்வொரு ஊரிலும் ஓர் அறிவு இருக்கிறது என்பது அவர் கருத்து. அவரிடம் படித்த ஷாஃபி பக்தாதில் சொன்ன தீர்ப்புகள் பலவற்றை எகிப்துக்குப் போன பிறகு மாற்றிக்கொண்டார். பழைய சொல், புதிய சொல் என்று இன்றும் அவற்றைப் பிரித்துப் படிக்கிறார்கள். இவ்வளவு பெரிய மனிதர் புது ஊரில் உட்கார்ந்து, நான் அங்கே சொன்னது அங்கே இருக்கட்டும், இங்கே இப்படி என்று சொல்ல முடிந்திருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு போன் போட முடியவில்லை.

வழிகள் நிறைய இருந்தன. ஹனஃபி வழி, துருக்கிப் பள்ளி. எல்லா வழியும் செல்லுபடியானவைதான். ஆனால் எல்லாம் காரைக்காலைச் சுற்றிக்கொண்டு போகிற வழிகள். அதை ஸீனத்தும் உணர்ந்திருக்க வேண்டும். என்னிடம் போனை நீட்டி, தனக்கு அனுமதி தேவையில்லை என்றும், ஆனால் தன் வாப்பாவின் அண்ணனுக்குத் தெரியாமல் தன் நிக்காஹ் நடப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்றும் சொன்னாள். நீங்க பேசுங்க மாமா, நீங்கதான் யாரும் இல்லையே, உங்கமேல யாருக்குக் கோபம் வரும் என்றாள்.

காரைக்காலில் இரவுத் தொழுகை, இஷா, முடிந்திருக்கும். ஸ்பீக்கரில் போட்டேன். மனசுக்குள் தயார்செய்து வைத்திருந்த நீண்ட முகவுரை, அவர் "யாரு?" என்றதும் உதிர்ந்துபோனது. ஹலீமாவின் காக்கா பேசுகிறேன் என்று ஆரம்பித்து, தாய்மாமனாக வந்தது, யாருமில்லாமல் போனது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். போனை வெட்டிவிடுவார் என்றே நினைத்தேன்.

"மாப்புள தொழுவுறவனா?" என்றார்.

"தொழுவுறான். ஹனஃபி."

"இருக்கட்டும். அவங்களும் மக்கத்துக் கிப்லாவப் பாத்துத்தானே தொழுவுறாங்க." கொஞ்சம் இருமினார். "எந் தம்பி மவளுக்கு நாந்தான் வலீ. உன்னைய வக்கீலா ஆக்குறேன். நீயே இருந்து முடிச்சு வையி. நாளைக்கு அந்த ஹஜ்ரத்து முன்னாடியும் சொல்றேன், போனப் போடு."

இவ்வளவுதான். ஒரு நிபந்தனை இல்லை, ஒரு குத்தல் இல்லை. நான் சலாம் சொல்லி முடிக்கப் போனபோது அவர் குரல் வேறு மாதிரி வந்தது. "யூசுப்ப அடக்குனப்ப மூணு பிடி மண்ணு போட எனக்கு வாய்க்கல. நீ அங்குனதான இருக்கே. முடிஞ்சா எம் பேருக்குப் போட்டுட்டு வா."

அடுப்படியில் குழாய் நின்றிருந்தது.

சனிக்கிழமை சுபுஹில் நான் கையைத் தூக்கவில்லை. ஷாஃபியே அபூஹனீஃபாவுக்காக விட்டுக்கொடுத்ததை, நான் ஒரு மாலி நாட்டு இமாமுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால், மறுபடி தனியாக நிற்க பயம். நிக்காஹில் இமாம் முன்னிலையில் ஹமீது மரைக்காயர் போனில் மறுபடி சொன்னார். அவர் சார்பில், அவர் தம்பி மகளை, என் வாயால் முடித்துக் கொடுத்தேன். தமிழில் நான் சொல்ல, இமாம் பிரெஞ்சில் கேட்டு உறுதி செய்ய, மாப்பிள்ளை அரபியில் ஏற்றுக்கொண்டான். மாப்பிள்ளைக்குக் கைகொடுக்க முதலில் கோட்டின் கையை மேலே இழுத்துவிட வேண்டியிருந்தது. விருந்தில் சம்பந்தி நண்டைத் தொடாமல், பக்கத்தில் உட்கார்ந்து நான் ஓட்டை உடைப்பதை ஒரு சர்க்கஸ் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார். குணம் அண்ணை அவருக்கென்று தனியாக ஒரு வஞ்சிரம் மீனை வறுத்து அனுப்பியிருந்தார்.

ஞாயிறு காலை கபுருஸ்தானுக்குக் கிளம்பினேன். ஹலீமாவும் சேலையை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். 'டி' வண்டி அன்று ஓடவில்லை, பராமரிப்பு வேலையாம். பதிலுக்கு விட்ட பஸ் ஊரெல்லாம் சுற்றிக் கொண்டுபோய் இறக்கியது. தூறல்.

நகரத்து மயானத்தில் முஸ்லிம்களுக்கென்று ஒரு மூலை. வரிசையில் யூசுப். அங்கே போனபிறகுதான் சிக்கல் தெரிந்தது. ஹலீமா ஆசையாகக் கல் பதித்து, சுற்றிச் சரளை போட்டு வைத்திருந்தாள். ஒரு பிடி மண் இல்லை. கல்லுக்கும் நடைபாதைக்கும் இடையில் விரல் அகலத்துக்கு ஒரு மண் கீற்றுத் தெரிந்தது. குனிந்து விரலால் கீறினேன், இறுகிக் கிடந்தது. பையில் துழாவி, மெட்ரோ அட்டையை எடுத்துச் சுரண்டினேன். மண்வெட்டிக்கு அது மாற்றில்லைதான், ஆனால் வந்தது. இந்த மண்ணுக்கு எந்த மத்ஹபில் ஆதாரம் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அடக்கும்போது போடுவது நபிவழி, சுன்னத். வருஷங்கள் கழித்து, இன்னொருவர் பேருக்கு, சரளைக்கு மேல் போடுவதைப் பற்றி நான்கு இமாம்களும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் தேடவில்லை. ஊருக்குப் போயும் தேடப்போவதில்லை.

முதல் பிடியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். இரண்டு கையிலும் சேறு. போனை எடுக்க முடியாது. ஹலீமா என் கோட்டுப் பையில் கைவிட்டு அதை எடுத்தாள். காரைக்கால் எண்ணைத் தானே அழுத்தி, படம் தெரியும்படி கபுருக்கு நேராகப் பிடித்தாள். திரையில் ஹமீது மரைக்காயரின் வெள்ளைத் தொப்பியும் பாதி நெற்றியும் தெரிந்தன.

நான் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஈர மண் கல்லில் ஒட்டிக்கொண்டது.

"பெரிய மச்சான்," என்றாள் ஹலீமா. தூறல் திரையில் விழாமல் மறு கையால் மறைத்துக்கொண்டாள். "தெரியுதா?"

"தெரியிது," என்றார் அவர். பிறகு, "நனையாம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க" என்றார்.